லேயில் இறங்கியதும் முதல் வேலை: சும்மா இருப்பது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

"லடாக் ட்ரெக் போறோம், ஒரு எபிசோடு பண்ணுங்க"ன்னு நிறைய வாய்ஸ் நோட் வந்திருக்கு. எந்த ஷூ வாங்கணும், எந்த ஜாக்கெட் வாங்கணும், எந்த பேக் வாங்கணும், இதுதான் பெரும்பாலான கேள்வி. ஒருத்தர் மட்டும் "எத்தனை நாள் லீவு போடணும்?"னு கேட்டிருந்தார். இன்னைக்கு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போறேன். ஏன்னா 3,500 மீட்டருக்கு மேல உங்களைப் பத்திரமா வெச்சிருக்கப் போறது காலண்டர்தான்.

ஒரே உயரம், ரெண்டு முடிவு

1875 ஏப்ரல் 15. பாரிஸிலிருந்து 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பேர் மேலே போனார்கள்: தியோடர் சிவெல், ஜோசப் குரோசே-ஸ்பினெல்லி, கஸ்தோன் திசாந்தியே. சில மணி நேரத்துக்குள் பலூன் 8,000 மீட்டரைத் தாண்டியது. ஆக்சிஜன் பைகள் பக்கத்திலேயே இருந்தன. ஆனால் கையை நீட்டி அதை எடுக்கக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை. மூன்று பேரும் மயங்கினார்கள். பலூன் தானாகக் கீழே வந்தபோது திசாந்தியே மட்டும்தான் உயிரோடு இருந்தார். அவருக்கும் காது கேட்காமல் போனது.

இப்போ 1978 மே 8-க்கு வருவோம். ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர், பீட்டர் ஹாபெலர் ரெண்டு பேரும் 8,849 மீட்டர் எவரெஸ்ட் உச்சியில் நிற்கிறார்கள். முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. பலூன்காரர்கள் இறந்த உயரத்தைவிட மேலே, அதுவும் நடந்தே போய், திரும்பியும் வந்தார்கள்.

அவங்க அபாரமான மலையேறிகள், சந்தேகமே இல்லை. ஆனா உடம்பு கணக்குல பெரிய வித்தியாசம் நேரம்தான். பலூன்ல போனவங்க உடம்புக்குக் கிடைச்சது சில மணி நேரம். மலையேறினவங்க உடம்புக்குக் கிடைச்சது பல வாரம். அந்த வாரங்கள்ல உடம்பு தன்னை மாத்திக்கிட்ட விதத்தைத்தான் அக்ளைமடைசேஷன்னு சொல்றோம். தமிழ்ல உயரப் பழக்கம்னு வெச்சுக்கலாம்.

காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை

முதல்ல ஒரு தவறான எண்ணத்தைச் சரி பண்ணிடலாம். சென்னையிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான், எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். மேலே போகப்போக நம்மை அழுத்தும் காற்றின் எடை குறைகிறது. அதனால் ஒரே அளவு மூச்சுக்குள் வரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் குறைகின்றன.

லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. சென்னையில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் லேயில் பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல டெமோ கிடையாது.

இன்னொரு சுவாரஸ்யம். விமானத்துக்குள் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் வைத்திருப்பார்கள். மற்ற ஊர்களில் விமானம் இறங்கும்போது உள்ளே அழுத்தம் கூடும். லேயில் தலைகீழ். விமானம் கீழே இறங்குகிறது, உங்கள் உடம்போ மேலே ஏறுகிறது. டெல்லி 216 மீட்டர், லே 3,500 மீட்டர். நடுவில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நம்ம தமிழ்நாட்டின் மிக உயரமான இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதையும் தாண்டி இன்னொரு 850 மீட்டர் மேலே, நேராகப் போய் இறங்குகிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ரெண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் அது அலர்ட் அனுப்பும்: "வேகமா மூச்சு வாங்கு." நீங்கள் உணராமலேயே மூச்சு வேகமாகும், ஆழமாகும். இதயத் துடிப்பும் கூடும்.

இங்கேதான் சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். நம் மூளைத்தண்டு மூச்சைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாலும் கரியமில வாயுவை வைத்துத்தான். அது பார்த்துவிட்டு "கரியமிலம் கம்மியா இருக்கே, மூச்சைக் குறை" என்கிறது. ஒரு அலர்ட் ஏத்தச் சொல்லுது, இன்னொரு அலர்ட் இறக்கச் சொல்லுது. ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இந்த வேதனை புரியும்.

முதல் ராத்திரி தூக்கத்தில் இந்தச் சண்டை நன்றாகவே தெரியும். சில நொடி மூச்சு நின்ற மாதிரி இருக்கும், பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு முழிப்பு வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார். இது மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பழக்கப்படாத உடம்பில் இயல்பாக நடப்பதுதான்.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பது சிறுநீரகம். ரத்தத்தில் கூடிய காரத்தைச் சமன்செய்ய, பைகார்பனேட்டைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதனால்தான் லே போனதும் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். அது நல்ல அறிகுறி. காரம் சமனாகச் சமனாக மூளைத்தண்டு பிரேக்கை விடுகிறது, மூச்சு கூடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு இதைச் செய்ய ரெண்டு மூன்று நாளாவது வேண்டும். பணம் கட்டியோ, ஜிம் போயோ அதை நாலு மணி நேரமாகக் குறைக்க முடியாது.

ரத்தச் சிவப்பணு கூடுவதுதான் உயரப் பழக்கம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும்தான். அதற்கான ஹார்மோன் சில மணி நேரத்திலேயே சுரக்கத் தொடங்கிவிடும். ஆனால் புதிய அணுக்கள் போதுமான அளவு வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு வாரப் பயணத்தில் உங்களைக் காப்பாற்றுவது நுரையீரலும் சிறுநீரகமும்தான்.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று பெயர்கள்

முதலாவது ஏ.எம்.எஸ்., அதாவது மலை நோய். தலைவலி, அதோடு குமட்டலோ, பசியின்மையோ, அசதியோ, தலைசுற்றலோ இருக்கும். போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஆரம்பிக்கும். காலையில் லேயில் இறங்கி, "நமக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு மதியமே சுத்தக் கிளம்புறவங்க கவனிக்க வேண்டியது இதுதான். ரிசல்ட் ராத்திரிதான் வரும். ஏ.எம்.எஸ். வந்தால் அதே உயரத்தில் ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மேலே மட்டும் போகக் கூடாது.

ரெண்டாவது ஹேஸ். மூளை வீக்கம். குழப்பமாகப் பேசுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, குடித்தவர் மாதிரி தள்ளாடுவது எல்லாம் இதன் அடையாளம். எளிய சோதனை: ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் வைத்து வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும்.

மூன்றாவது ஹேப். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. இதன் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்த டிசைன் சிக்கல். நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்று சரியாக வராவிட்டால், அங்கே போகும் ரத்தக் குழாய் சுருங்கும். ரத்தம் நல்ல பகுதிக்குத் திரும்பும். கடல் மட்டத்தில் இது அருமையான லோடு பேலன்சர். மலை உயரத்தில் எல்லாப் பகுதியிலும் ஆக்சிஜன் குறைவு. ஒரே நேரத்தில் எல்லா சர்வரும் ஹெல்த் செக்கில் தோற்ற மாதிரி எல்லாக் குழாயும் சுருங்குகிறது, அழுத்தம் எகிறுகிறது, திரவம் கசிகிறது.

ஹேப் வழக்கமாக ரெண்டாவது முதல் நான்காவது இரவுக்குள் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேற்று நன்றாக நடந்தவர் இன்று திடீரென்று பின்தங்குவது, இதெல்லாம் எச்சரிக்கை. தலைவலியே இல்லாமலும் ஹேப் வரலாம். உயரத்தால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு இதனால்தான். இங்கேயும் முதல் சிகிச்சை ஆக்சிஜனும் கீழே இறங்குவதும்தான்.

ராணுவம் கொடுக்கும் 6 நாள்

"நான் ஹாஃப் மாரத்தான் ஓடுறவன், எனக்கெல்லாம் வராது." இதற்குப் பதில் இந்திய ராணுவத்திடம் இருக்கிறது. 1962 சீனப் போர்க் காலத்தில் சமவெளியிலிருந்து வீரர்களை அவசரமாக உயரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இளைஞர்கள், நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள். அவர்கள் கொத்துக் கொத்தாக நோயில் விழுந்தார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவருடைய குழுவும் 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை, 1969-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. மலை நோய் பற்றி உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது.

உடல் வலிமை உங்களை மலை நோயிலிருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால் வலிமையானவருக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். அவரால் வேகமாக மேலே போக முடியும், சிறுநீரகம் அந்த வேகத்துக்கு வராது.

அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான் ராணுவத்தின் அட்டவணை. 2,700 முதல் 3,600 மீட்டர் வரை 6 நாள். முதல் ரெண்டு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை. அங்கிருந்து 4,500 மீட்டர் வரை போக இன்னொரு 4 நாள். அதற்கும் மேலே போக மேலும் 4 நாள். மொத்தம் 14 நாள்.

இப்போ நம்ம கணக்கைப் பாருங்க. சனிக்கிழமை ஃபிளைட், ஞாயிறு கர்துங் லா, திங்கள் பாங்காங் ஏரி, வியாழன் ரிட்டர்ன். வெள்ளிக்கிழமை ஸ்டாண்டப். பயிற்சி பெற்ற வீரருக்கு 6 நாள் கொடுக்கிற உயரத்துல நாம ஒரு ராத்திரி கொடுக்கிறோம்.

தூங்கும் உயரம்தான் கணக்கு

மருத்துவர்கள் சொல்லும் பொது விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு. பகலில் இன்னும் மேலே போய்விட்டு வரலாம், ராத்திரி கீழே வந்து தூங்க வேண்டும். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ட்ரெக்கில் 3,440 மீட்டர் நாம்சேயிலும், 4,410 மீட்டர் டிங்போச்சேயிலும் ரெண்டு ரெண்டு இரவு வைப்பது இதற்காகத்தான்.

இந்த ஒரு விதியை வைத்தே எந்தப் பயணத் திட்டத்தையும் நீங்கள் ரிவ்யூ பண்ணலாம். சில உதாரணம்:

மணாலி வழியாக லே. மணாலி 2,050 மீட்டர். நிறைய பேர் ஒரே நாளில் சார்ச்சு போய் டென்ட்டில் தூங்குவார்கள். சார்ச்சு 4,290 மீட்டர். ஒரே நாளில் 2,200 மீட்டர் தாவல், அதுவும் லேயைவிட உயரத்தில் தூக்கம். அந்த ராத்திரி ஏன் நரகமாகிறது என்று இப்போது புரியும். நடுவில் 3,080 மீட்டர் கேலாங்கில் ஒன்றிரண்டு இரவு தங்கி, சார்ச்சுவில் தூங்காமல் கடந்து போவது நல்லது.

ஸ்ரீநகர் வழி. ஸ்ரீநகர் 1,585, கார்கில் 2,676, லே 3,500. விமானத்தைவிட இது உடம்புக்கு எவ்வளவோ மேல்.

நூப்ரா பள்ளத்தாக்கு. போகும் வழியில் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். ஆனால் நூப்ராவில் ஹுண்டர் ஊர் 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. கணவாயில் போட்டோ எடுத்துவிட்டு சீக்கிரம் இறங்கிவிட்டால் தூக்கம் நல்ல உயரத்தில்தான். பாங்காங் அப்படி இல்லை. சுமார் 4,250 மீட்டரில் தூங்க வேண்டும். அதனால் முதலில் லே, பிறகு நூப்ரா, கடைசியில் பாங்காங்.

மலையேறும் ஆசை உள்ளவர்களுக்கு: 6,000 மீட்டர் சிகரத்துக்குப் போகிறீர்கள், பேஸ் கேம்ப் 5,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லேயில் 3 இரவு. அங்கிருந்து 1,500 மீட்டர், ஒரு இரவுக்கு 500 வீதம் 3 இரவு, நடுவில் ஒரு ஓய்வு இரவு. ஆக, பேஸ் கேம்ப் போய்ச் சேர்வதற்கே ஒரு வாரம். அதற்கு மேலேதான் ஏற்றமே. "7 நாளில் 6,000 மீட்டர்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு ஒப்பந்தம்

விதி எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதை மீற வைப்பது நட்பு. "எனக்காக நீங்க பிளானைக் கெடுத்துக்காதீங்க மச்சி" என்று சொல்பவர்தான் இந்த விஷயத்தில் அதிக ஆபத்தில் இருப்பவர்.

நாங்கள் நண்பர்கள் மார்க்கா பள்ளத்தாக்கு ட்ரெக் போனபோது கிளம்பும் முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டோம். தினமும் காலையிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் ஒவ்வொருவரும் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: தலைவலி, வயிறு, அசதி, தலைசுற்றல். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். நிமாலிங் முகாம் கிட்டத்தட்ட 4,800 மீட்டர். அங்கே எங்களில் ஒருத்தன் சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டதும்தான் "தலைவலி ரெண்டு, ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்" என்றான். கைடு அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அவனோடு ரெண்டு பேர் ஹாங்கர் கிராமத்துக்கு இறங்கினோம். மறுநாள் காலையில் அவன் ரெண்டு தட்டு சாப்பிட்டான். கடைசிக் கணவாயை நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை. அது ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்ததால் யாரும் யார்மேலும் கோபப்படவும் இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும். ஒன்று, அறிகுறியை மறைக்கக் கூடாது. ரெண்டு, அறிகுறி இருப்பவர் மேலே போகக் கூடாது, மோசமானால் இறங்க வேண்டும். மூன்று, இறங்குபவரைத் தனியாக அனுப்பக் கூடாது. இதற்காக ஒரு உபரி நாளும், கீழே வருவதற்கான வண்டிச் செலவும் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். டிராவல் இன்ஷூரன்ஸ் எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதையும் படித்துப் பாருங்கள்.

நேயர் கேள்விகள்

*டயமாக்ஸ் போட்டுக்கலாமா?*

அசெட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர். முன்பு சொன்ன சிறுநீரக வேலையை அது விரைவுபடுத்துகிறது. அறிகுறியை மூடி மறைப்பதில்லை. நேராக லேக்குப் பறப்பவர்களுக்கு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பது உண்டு. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., தினம் ரெண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். யாராக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். மாத்திரை போட்டாலும் ரெண்டு நாள் ஓய்வு ஓய்வுதான்.

*கற்பூரம் மோந்து பார்த்தா சரியாகுமா?*

மூக்கு திறந்த மாதிரி ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. கையடக்க ஆக்சிஜன் கேனும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

*நிறைய தண்ணி குடிச்சா மலை நோய் வராதுன்னு சொல்றாங்களே?*

உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் தண்ணீர் மலை நோயைத் தடுக்காது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே தலைவலியும் குழப்பமும் தரும்.

*காபி?*

தாராளமாக. தினமும் ரெண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வரும் தலைவலி, ஏ.எம்.எஸ். மாதிரியே இருக்கும். நிறுத்திக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். ரெண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

*ஆக்ஸிமீட்டரில் 88 காட்டுது, பயப்படணுமா?*

சென்னையில் 88 என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லேயில் முதல் நாள் 88 சாதாரணம். குளிர்ந்த விரலில் எண் தப்பாகவும் வரும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். கூட வந்தவர்களைவிட ஒருவருக்கு மட்டும் ரொம்பக் குறைவாக இருந்து, மூச்சும் வாங்கினால் மருத்துவ உதவி தேடுங்கள்.

*வெள்ளியங்கிரி நாலு தடவை ஏறியிருக்கேன். போதுமா?*

காலுக்கும் மனசுக்கும் அருமையான பயிற்சி. உயரப் பழக்கத்துக்கு அது கணக்கில் வராது, 2,000 மீட்டரைக்கூடத் தொடாத மலை அது. போன வருஷம் லடாக் போய்வந்ததும் கணக்கில் வராது. கீழே வந்து சில வாரத்தில் அந்தப் பழக்கம் போய்விடும். ஆனால் அப்போது உங்களுக்கு மலை நோய் வந்திருந்தால் அதை மறக்காதீர்கள். திரும்பவும் வர வாய்ப்பு அதிகம்.

அவ்வளவுதான் மக்களே. டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தூங்கப்போறீங்க, அது எத்தனை மீட்டர்னு எழுதுங்க. ரெண்டு எண்ணுக்கு நடுவுல 500-க்கு மேல இருந்தா இன்னொரு நாள் லீவு கேளுங்க. மேனேஜர் கொடுக்கலைன்னா உயரத்தைக் குறைங்க. ரெண்டுல ஒண்ணு குறைஞ்சே ஆகணும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.